நாற்பது வளைவுகளும் ஒரு சொட்டு எண்ணெயும்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் செல்லும் பாதை ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமுள்ளது. ஆழியாறு அணை வரையில் அது தென்னந்தோப்புகளின் நிழலில் நேராகவும் அமைதியாகவும் செல்கின்றது. குரங்கு அருவியைக் கடந்ததும் நிலம் திடீரென நிமிர்ந்து நிற்கின்றது. அங்கிருந்து மலையேறும் வண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணைத் தாங்கிய பலகை நிற்கின்றது. குழந்தைகள் அவற்றை உரக்க எண்ணிக்கொண்டு வருவார்கள். பெரியவர்களோ எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்களை மூடியிருப்பார்கள்.

ஒன்பதாம் வளைவில் லோம்ஸ் காட்சிமுனை உள்ளது. அங்கே நின்று கீழே நோக்கினால், ஆழியாற்றின் நீர்ப்பரப்பு ஒரு வெள்ளித் தட்டைப்போல் மலையடிவாரத்தில் கிடக்கின்றது. நம் மாநில விலங்காகிய வரையாடு அப்பாறைச் சரிவுகளில் அச்சமின்றி மேய்வதைப் பலமுறை காணலாம். அதற்குமேல் அட்டகட்டி, பிறகு வாட்டர்ஃபால் தேயிலைத் தோட்டம், கவர்க்கல், ரொட்டிக்கடை, புதுத்தோட்டம் என ஊர்களும் தோட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முடிவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில், தேயிலையின் பச்சைக் கம்பளத்தின் நடுவே வால்பாறை நகரம் அமைந்திருக்கின்றது.

இப்பாதையின் அழகைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கின்றனர். வண்டியின் உடல்நலத்தைச் சோதிக்கும் மருத்துவராகவும் இப்பாதை விளங்குகின்றது என்பதை மிகச் சிலரே எண்ணிப் பார்க்கின்றனர். சமவெளியில் ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்கும் நோய் இந்த நாற்பது வளைவுகளுக்குள் வெளிப்பட்டுவிடும். அவ்வாறு வெளிப்பட்ட ஒரு நோயையும், அது குணமான விதத்தையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். பழைய வண்டியொன்றை வைத்துக்கொண்டு குடும்பத்தோடு ஊர்விட்டு ஊர் செல்லும் எவருக்கும் இது பயன்படும் என நம்புகின்றேன்.

முதலில், வளைவில் வண்டிக்குள் நிகழ்வது என்னவென்று அறிந்துகொள்வது நல்லது. இன்றைய புதிய கார்களுள் பெரும்பாலானவற்றில் ஸ்டியரிங்கைத் திருப்ப உதவுவது ஒரு மின்மோட்டார். பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் வந்த வண்டிகள் பலவற்றில் அப்பணியைச் செய்வது எண்ணெய். எஞ்சினோடு ரப்பர் பெல்ட்டால் பிணைக்கப்பட்ட ஒரு சிறு பம்ப், டப்பாவிலுள்ள எண்ணெயை உறிஞ்சி, தடித்த ரப்பர் ஹோஸ் வழியாக ஸ்டியரிங் பெட்டிக்கு அழுத்தத்துடன் அனுப்புகின்றது. ஓட்டுநர் எந்தப் பக்கம் திருப்புகின்றாரோ அந்தப் பக்கம் அவ்வெண்ணெய் சென்று, சக்கரங்களைத் திருப்பத் தோள்கொடுக்கின்றது. வேலை முடிந்த எண்ணெய் மற்றொரு ஹோஸ் வழியாக டப்பாவுக்கே திரும்பி வருகின்றது. உடலில் குருதி சுற்றுவதைப்போல, வண்டி ஓடும் நேரமெல்லாம் இந்தச் சுற்று ஓய்வதில்லை.

இதனை உருவாக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ். பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் பணியாற்றிய அவர், கனத்த லாரிகளைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாட்டைக் கண்டவர். வால்தாம் நகரில் ஒரு பட்டறையில் உழைத்து, 1926-ஆம் ஆண்டில் இவ்வமைப்பைக் காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். ஆயினும் பொதுமக்களுக்கு விற்கப்பட்ட காரில் அது இடம்பெறக் கால் நூற்றாண்டு பிடித்தது. 1951-ஆம் ஆண்டில்தான் கிரைஸ்லர் நிறுவனம் தன் இம்பீரியல் காரில் அதைப் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது.

நேரான பாதையில் இந்த எண்ணெய்க்கு அதிக வேலை இல்லை. ஏறக்குறைய அழுத்தமின்றியே சுற்றிவரும். கொண்டை ஊசி வளைவிலோ ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் ஒடிக்க வேண்டியிருக்கின்றது. அந்நேரத்தில் ஹோஸுக்குள் எழும் அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டையும் கடந்துவிடும். கார் டயருக்கு நாம் அடைக்கும் காற்று ஏறத்தாழ 30 பவுண்டுதான் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த ரப்பர் ஹோஸ் தாங்கும் சுமை எத்தகையது என்பது விளங்கும். மலைப்பாதை நோயை வெளிப்படுத்துவதன் காரணம் இதுவே.

என் அக்காவும் அத்தானும் வால்பாறைப் பகுதியின் தேயிலைத் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர்கள். அக்கா கொழுந்து பறித்தார். அத்தான் தேயிலை ஆலையில் பணிபுரிந்தார். இருவரும் ஓய்வுபெற்றபின், தோட்டத்து லயத்து வீட்டை ஒரு சனிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டியிருந்தது. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டருகே அவர்களுக்கென்று ஒரு சிறு வீடு பார்த்து வைத்திருந்தோம். மூட்டுவலியால் அக்காவால் பேருந்துப் படியேற முடியாது. ஆகவே என் மகன் தன் பழைய டீசல் வண்டியில் அவர்களை அழைத்துவருவதென்று முடிவாயிற்று. புதன்கிழமை காலை நாங்கள் இருவரும் பழனி, உடுமலை வழியாகப் பொள்ளாச்சியை அடைந்து, பிற்பகலில் மலையேறத் தொடங்கினோம்.

வண்டிக்குப் பதினெட்டு வயது. அதன் ஸ்டியரிங் எண்ணெய் சில மாதங்களாகவே சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டு வந்தது. சமவெளியிலிருந்த ஒரு பட்டறையினர், வண்டியின் அடியில் முன்சக்கரத்தின் பக்கம் எண்ணெய் சொட்டுவதைப் பார்த்தார்கள். ஸ்டியரிங் பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டும், ரூ. 18,000 ஆகும் என்றார்கள். பணம் சேரும் வரையில் வாரந்தோறும் எண்ணெயை ஊற்றிக்கொண்டு ஓட்டலாம் என்பது அவர்களுடைய அறிவுரை. மகனும் அவ்வாறே செய்துவந்தான். ஒரு லிட்டர் எண்ணெய்ப் புட்டி எப்போதும் வண்டியில் இருக்கும்.

ஏழாம் வளைவில் ஸ்டியரிங் கனக்கத் தொடங்கியது. எட்டாம் வளைவில் முன்புறமிருந்து கன்றுக்குட்டி முனகுவதைப்போல ஓர் ஒலி எழுந்தது. ஒன்பதாம் வளைவில், காட்சிமுனையின் ஓரமாக இருந்த அகன்ற இடத்தில் மகன் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தான். சுற்றுலா வந்தோர் வரையாட்டைப் படமெடுத்துக்கொண்டிருந்தனர். நாங்களோ குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தோம். இடது முன்சக்கரத்தின் அருகே தார்ச்சாலையில் செந்நிறமான பொட்டுக்கள் ஒன்றிரண்டு தெரிந்தன.

நிறமே முதல் சாட்சி. வண்டியிலிருந்து வடியும் நீர்மங்கள் பல. அவற்றைப் பிரித்தறிய ஒரு வெள்ளைக் காகிதம் போதும். கருப்பாகவோ பழுப்பாகவோ வழவழப்பாக இருந்தால் அது எஞ்சின் ஆயில். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ தண்ணீரைப்போல ஓடி, இனிய மணம் வீசினால் அது ரேடியேட்டரின் கூலண்ட். வெளிறிய மஞ்சளாக இருந்து வண்டியின் வண்ணப்பூச்சை அரித்தால் அது பிரேக் ஆயில். அதைக் கண்டால் வண்டியை ஓர் அடிகூட நகர்த்தலாகாது. நிறமும் மணமுமற்ற தண்ணீராயின் பெரும்பாலும் ஏசியிலிருந்து வடிவது. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. செந்நிறமும் வழவழப்பும் சேர்ந்திருந்தால் அது பெரும்பாலும் ஸ்டியரிங் எண்ணெய், அல்லது தானியங்கிக் கியர் உள்ள வண்டியாயின் அதன் எண்ணெய். எங்கள் வண்டியில் தானியங்கிக் கியர் இல்லை. பழைய எண்ணெய் கருத்துப் பழுப்பாகிவிடுவதும் உண்டாகையால், டப்பாவின் மூடியைத் திறந்து அங்குள்ள நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. எண்ணெயின் மட்டம் கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. முனகலின் காரணம் புரிந்தது: எண்ணெய் குறைந்ததால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சியிருக்கின்றது.

அங்கே இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டியிருந்தது. ஒன்று, ஒழுகும் எண்ணெய் சூடான புகைக்குழாயின்மேல் விழுகின்றதா என்பது. விழுந்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு; அந்நிலையில் வண்டியை அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான். எங்கள் வண்டியில் புகைக்குழாய் மறுபக்கத்தில் இருந்தது, அதன்மேல் ஈரமில்லை. மற்றொன்று, எண்ணெய் முழுவதும் போய்விட்டால் என்ன நேரும் என்பது. பலரும் அஞ்சுவதைப்போல அப்போது ஸ்டியரிங் கையைவிட்டுப் போய்விடாது. சக்கரங்களோடு அதற்குள்ள இரும்புத் தொடர்பு அப்படியே இருக்கும். எண்ணெயின் உதவி மட்டும் நின்றுபோய், திருப்புவது மிகக் கடினமாகும். வலிமையுள்ள இளைஞனுக்கு இது இயலும். எனினும், எதிரே பேருந்து வரும் வளைவில் திடீரென அந்தக் கனம் வந்து சேர்ந்தால் தடுமாற்றம் நேரலாம். ஆகவே எஞ்சின் ஆறும் வரையில் காத்திருந்து, மேற்கோடு வரை எண்ணெய் ஊற்றி, பத்து வளைவுகளுக்கு ஒருமுறை நிறுத்திப் பார்ப்பதென்று தீர்மானித்தோம். நாற்பதாம் வளைவை அடைந்தபோது டப்பாவில் எண்ணெய் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. இருட்டும் நேரத்தில் வால்பாறை சேர்ந்தோம்.

மறுநாள் காலை, கடைவீதியை அடுத்திருந்த ஒரு பட்டறைக்குச் சென்றோம். அதன் உரிமையாளர் ஐம்பது வயதைக் கடந்தவர். சிறுவயது முதல் தோட்டத்து ஜீப்புகளையும் டிராக்டர்களையும் பழுதுபார்த்து வளர்ந்தவர். முந்தைய பட்டறை கூறிய முடிவை மகன் அவரிடம் சொன்னான். அவர் அதை மறுக்கவுமில்லை, ஏற்கவுமில்லை. "இருக்கட்டும் தம்பி. சொட்டுற இடம் வேற, ஒழுகுற இடம் வேறங்க. முதல்ல கழுவிப் பார்த்துருவோம்" என்றார்.

அந்த ஒரு சொல்லில் அவருடைய கலை முழுவதும் அடங்கியிருந்தது எனலாம். எண்ணெய் ஒழுகும் இடத்திலேயே சொட்டுவதில்லை. அது ஹோஸின் முதுகிலும் இரும்பின் விளிம்பிலும் ஊர்ந்து இறங்கி, எது தாழ்ந்த இடமோ அங்கே வந்து சொட்டுகின்றது. வண்டி ஓடும்போது எதிர்காற்று அதைப் பின்னோக்கியும் தள்ளுகின்றது. மாதக்கணக்கில் புழுதியும் எண்ணெயும் சேர்ந்து பூசிக்கொண்ட எஞ்சின் அறையில், எல்லா உறுப்புகளும் குற்றவாளிகளைப் போலவே தோன்றும். எனவே டீசலும் தூரிகையும் கொண்டு எல்லாவற்றையும் துடைத்து, சோப்பு நீரால் கழுவி, துணியால் ஒற்றி, காற்றடித்து உலர்த்தினார். இதற்கே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

அதன்பின் மேலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொன்றாகச் சோதித்தார். டப்பாவில் விரிசலில்லை. டப்பாவுக்குத் திரும்பும் ஹோஸின் கிளிப் இறுக்கமாக இருந்தது. பம்பின் முன்புறம் உலர்ந்திருந்தது. அங்குள்ள ஆயில் சீல் கெட்டிருந்தால் சுழலும் புல்லி எண்ணெயை வட்டமாகச் சிதறடித்திருக்கும், பெல்ட்டும் நனைந்து கிறீச்சிட்டிருக்கும். அடுத்து ஸ்டியரிங் பெட்டி. அதன் இரு முனைகளிலும் துருத்தியைப்போல் மடிந்த ரப்பர் உறைகள் உள்ளன. பெட்டிக்குள்ளிருக்கும் சீல் கெட்டால் எண்ணெய் அந்த உறைக்குள்தான் வந்து தேங்கும். இடது உறையின் கட்டை அவிழ்த்து உட்புறத்தைத் தம் விரலால் துடைத்து எங்களிடம் காட்டினார். விரலில் பழைய கிரீஸ் மட்டுமே இருந்தது, எண்ணெய் இல்லை. வலது உறையும் அவ்வாறே.

"பாருங்க ஐயா, வெளியேதான் நனைஞ்சிருக்கு; உள்ளே காய்ஞ்சு கிடக்கு. இந்தப் பெட்டி மேல தப்பில்லைங்க" என்றார். பதினெட்டாயிரம் ரூபாய்த் தண்டனைக்கு ஆளாகவிருந்த உறுப்பு அந்நேரத்தில் விடுதலை பெற்றது.

இனி எஞ்சியிருந்தது, பம்பிலிருந்து பெட்டிக்குச் செல்லும் அழுத்த ஹோஸ் ஒன்றே. மகனை எஞ்சினை இயக்கச் சொல்லி, ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் ஒடித்து, மூன்று நொடிக்குள் விட்டுவிடுமாறு கூறினார். அதற்குமேல் ஒடித்துப் பிடித்திருந்தால் பம்ப் சூடேறிக் கெட்டுவிடும். கையில் விளக்குடன் எட்ட நின்று பார்த்தார், நாங்களும் பார்த்தோம். முதல் இருமுறையும் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் முறை, ரப்பர் ஹோஸும் இரும்புக் குழாயும் சேரும் இடத்தில், அவற்றைக் கவ்விப் பிடித்திருக்கும் உலோக வளையத்தின் அடியில், ஒரு செந்நிற முத்து அரும்பியது. ஸ்டியரிங்கை நேராக்கியதும் அது நின்றுவிட்டது. பிறகு அம்முத்து மெல்ல உருண்டு, ஹோஸின் அடிப்புறமாக ஊர்ந்து, ஸ்டியரிங் பெட்டியின்மேல் இறங்கி, இடது ரப்பர் உறையை நோக்கிச் சென்றது. நாங்கள் வாய்திறவாமல் அதன் பயணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நான் தொட்டுப்பார்க்கக் கையை நீட்டினேன். அவர் சட்டெனத் தடுத்தார். எஞ்சின் ஓடும்போது அழுத்த ஹோஸின் ஒழுக்கைக் கையால் தடவுவது மிகுந்த ஆபத்து. ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடக்கூடும். காயம் சிறியதாகத் தோன்றினாலும் உடனே அறுவை மருத்துவம் தேவைப்படும். ஒரு காகித அட்டையை நீட்டிப் பார்ப்பதே பாதுகாப்பான வழி.

சமவெளியில் ஏன் இது தெரியவில்லை என்பதும் இப்போது விளங்கியது. நேர்ச்சாலையில் அந்த வளையத்தின் வாய் மூடியே இருக்கும். வண்டியை நிறுத்தத் திருப்பும்போது மட்டும் ஒரு சொட்டு கசியும். மலையிலோ நாற்பது முறை அந்த வாய் திறந்துகொண்டது.

ஹோஸ் வால்பாறையில் கிடைக்கவில்லை. பொள்ளாச்சி உதிரிபாகக் கடையொன்றுக்குத் தொலைபேசியில் சொல்லி, மறுநாள் காலைப் பேருந்தில் அனுப்பிவைக்குமாறு ஏற்பாடாயிற்று. சனிக்கிழமைக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டுமென்ற கவலையில் அத்தான், "இறங்குவதுதானே? எண்ணெய் ஊற்றிக்கொண்டு மெல்லப் போய்விடலாமே?" என்று கேட்டார். ஹோஸின்மேல் ஒரு கிளிப்பை வைத்து இறுக்கிவிட முடியாதா என்று நானும் கேட்டேன். பட்டறைக்காரர் இரண்டுக்கும் தலையசைக்கவில்லை. ஆயிரம் பவுண்டு அழுத்தத்தைக் கிளிப் தாங்காது என்றார். இறக்கத்தில் வண்டியின் எடையும் சாமான்களின் எடையும் முன்சக்கரங்களின்மேல் சாய்வதால், ஸ்டியரிங் ஏற்றத்தைவிடக் கனமாக இருக்கும் என்றும் விளக்கினார். "அம்மாவையும் உட்கார வச்சுக்கிட்டுப் போறீங்க, ஒரு நாள் பொறுங்க" என்று அவர் கூறியதற்குப் பிறகு எவரும் எதிர்வாதம் பேசவில்லை.

அந்த ஒரு நாள் எங்களுக்கு வீணாகவில்லை. மாலையில் அத்தானுடன் தேயிலைச் சரிவுகளினூடே நடந்தேன். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காட்டை அழித்துத் தோட்டங்கள் எழுந்த காலத்தில், தென்மாவட்டங்களிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்கள் இம்மலையைக் கால்நடையாகவே ஏறினார்கள். அவர்கள் பட்ட துயரத்தை, இத்தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969-இல் வெளிவந்த தம் 'ரெட் டீ' என்னும் ஆங்கில நாவலில் பதிவுசெய்தார். அது 'எரியும் பனிக்காடு' என்னும் பெயரில் தமிழில் வெளிவந்துள்ளது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து அவ்வாறு ஏறி வந்த குடும்பம் ஒன்றின் மூன்றாம் தலைமுறை என் அத்தான். "தாத்தா ஏறும்போது சாலையில் வண்டி கிடையாது, நான் இறங்கும்போது வண்டிக்காகக் காத்திருக்கிறேன்" என்று சொல்லிச் சிரித்தார். அச்சிரிப்பில் பிரிவின் வலியும் கலந்திருந்தது.

இருட்டியதும், தொலைவில் ஒரு கம்பத்தின்மேல் சிவப்பு விளக்கொன்று எரியக் கண்டேன். அது யானைக்கான எச்சரிக்கை என்றார் அத்தான். வால்பாறையின் தோட்டங்கள் யானைகளின் பழைய வழித்தடங்களின்மேல் அமைந்தவை. தோட்டங்களைச் சுற்றியுள்ள ஆனைமலைக் காடுகள் 2007-ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாயின. யானை அருகே வந்திருப்பதை அறியாமல் இருட்டில் நடந்து உயிரிழந்தோர் பலர். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பினர் வனத்துறையோடு சேர்ந்து, யானை நிற்கும் இடத்தைக் கைப்பேசிக் குறுஞ்செய்தியாலும் இத்தகைய விளக்குகளாலும் மக்களுக்கு அறிவிக்கும் முறையை ஏற்படுத்தினர். இப்பணிக்கு முன்னின்ற ஆனந்தகுமார் 2015-ஆம் ஆண்டில் விட்லி விருது பெற்றார். நாங்கள் அந்த விளக்கை மதித்து, வேறு வழியாகச் சுற்றி வீடு சேர்ந்தோம்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஹோஸ் பேருந்தில் வந்து இறங்கியது. பழைய எண்ணெயை வடித்துவிட்டு, பழைய ஹோஸைக் கழற்றினார்கள். இணைப்புப் போல்ட்டின் இருபுறமும் இருந்த செப்பு வாஷர்களைப் பட்டறைக்காரர் தூக்கி எறிந்துவிட்டுப் புதியவற்றைப் போட்டார். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுமுறை சரியாக அடைக்காது. சில ரூபாய்ப் பொருளை மிச்சப்படுத்தப் போய் மீண்டும் ஒழுக்கை வரவழைத்துக்கொள்வோர் உண்டு. புதிய ஹோஸ், பழையது சென்ற வழியிலேயே, பெல்ட்டின்மீதும் சூடான பாகங்களின்மீதும் உராயாதவாறு பொருத்தப்பட்டது.

அடுத்து எண்ணெய். டப்பாவின் மூடியில் குறிப்பிட்டுள்ள வகையையே ஊற்ற வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றுக்கு டெக்ஸ்ரான் என்னும் செந்நிற எண்ணெய் உரியது. சிலவற்றுக்கு வேறு வகை. அவசரத்தில் பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் சீல்கள் யாவும் ஊதிக் கெட்டுவிடும். ஒழுக்கை நிறுத்தும் மருந்து என்று கடைகளில் விற்கும் திரவங்கள் முதிர்ந்த சீலைச் சிறிது ஊதச் செய்து கொஞ்ச காலம் தள்ளுமேயன்றி, வெடித்த ஹோஸை ஒட்டவைக்கமாட்டா.

கடைசி வேலை காற்றை வெளியேற்றுவது. ஜாக்கியால் முன்சக்கரங்களைத் தூக்கி, தாங்கிகளை முட்டுக்கொடுத்து, எஞ்சினை இயக்காமலேயே ஸ்டியரிங்கை இக்கோடியிலிருந்து அக்கோடி வரை மெதுவாக இருபது முறை திருப்பினான் மகன். டப்பாவில் குமிழிகள் வந்துகொண்டேயிருந்தன. மட்டம் குறையக் குறைய எண்ணெய் ஊற்றப்பட்டது. குமிழிகள் நின்றபின்னரே எஞ்சினை இயக்கி மீண்டும் திருப்பினார்கள். எண்ணெய் நுரைக்கவில்லை, முனகலும் இல்லை. செலவு, கூலியும் உட்பட ரூ. 3,400.

பணம் வாங்கிக்கொள்ளும்போது அவர் மகனுக்கு ஓர் எச்சரிக்கையும் தந்தார். எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணி எஞ்சினை அணைத்துவிட்டு மலையிறங்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. எஞ்சின் நின்றால் ஸ்டியரிங்கின் உதவியும் நின்றுபோகும், பிரேக்கின் உதவியும் சிறிது நேரத்தில் தீர்ந்துபோகும். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவதும், ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவதும் மலைச்சாலையின் இரு கட்டளைகள்.

அன்பு வாசகர்களே, நம் வீடுகளில் இருக்கும் பழைய வண்டிகளுக்கு மாதம் ஒருமுறையேனும் ஐந்து நிமிடம் ஒதுக்குவோம். இரவில் வண்டியின் அடியில் பழைய அட்டையொன்றை விரித்துவைத்துக் காலையில் பார்ப்போம். கறை இருந்தால் நிறத்தைக் கவனிப்போம். டப்பாவில் எண்ணெய் மீண்டும் மீண்டும் குறைந்தால், ஊற்றுவதோடு நின்றுவிடாமல் எங்கே போகின்றது என்று தேடச் சொல்வோம். பெரிய உறுப்பை மாற்ற வேண்டும் என்று பட்டறையினர் கூறினால், "கழுவித் துடைத்துப் பார்த்தீர்களா?" என்று பணிவுடன் ஒரு வார்த்தை கேட்போம். நேர்மையான தொழிலாளி இக்கேள்வியால் வருந்தமாட்டார்; மகிழ்ந்து விளக்குவார்.

குடும்பங்களிலும் இவ்வாறே நிகழ்வதைக் கண்டிருக்கின்றேன். வீட்டில் கசப்பு எங்கே சொட்டுகின்றதோ, அங்கே நிற்பவர்மேல் பழி விழுகின்றது. பெரும்பாலும் அவர் தாழ்ந்த இடத்தில் இருப்பவர். மருமகளாகவோ, முதியவராகவோ, வாய்பேசாத பிள்ளையாகவோ இருப்பார். மேலே எங்கோ ஓர் இணைப்பு, தாங்கமாட்டாத அழுத்தத்தில் கசிந்துகொண்டிருக்கும். பொறுமையோடு துடைத்துப் பார்ப்பவர்களுக்கே அது புலப்படும்.

சனிக்கிழமை காலை லயத்து வீட்டின் சாவியை அத்தான் ஒப்படைத்தார். அக்கா ஒரு பழைய கொழுந்துக் கூடையைத் தவிர வேறெதையும் மடியில் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் கியரில் வண்டி இறங்கியது. முப்பதாம் வளைவிலும் இருபதாம் வளைவிலும் பத்தாம் வளைவிலும் நிறுத்தி, மகன் அடியில் குனிந்து பார்த்தான். ஒவ்வொரு முறையும் அக்கா சன்னல் வழியே, "என்னப்பா, காய்ந்திருக்கா?" என்று கேட்டார். "காய்ந்திருக்கு அத்தை" என்றான் அவன். ஆழியாற்றுக் கரையில் இறங்கித் தேநீர் அருந்தினோம். அக்கா முதல் மிடறைச் சுவைத்து, இலை நல்ல இலைதான் என்று சொல்லிவிட்டு, மலையைத் திரும்பிப் பார்த்தார்.